தொழில்முனைவுக் கல்வியும் நம் மக்களும் – ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

சேலத்திலிருந்து கோவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் எவரும் சங்ககிரி மலைக்கோட்டையைக் காணாமல் செல்ல இயலாது. 1805ஆம் ஆண்டு தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட கோட்டை அது. அவருக்குத் துணைநின்று உயிர் நீத்த பொல்லான், செருப்பினுள் ஓலையை மறைத்துச் செய்தி அனுப்பினார் என்று இப்பகுதி மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். தோல் தைத்த கையே நாட்டின் செய்தியையும் சுமந்தது என்பது அக்கதையின் உட்பொருள்.

மலையின் அடிவாரத்தில் இன்று நாம் காண்பது வேறொரு காட்சி. சாலையின் இருமருங்கும் லாரிகள், டயர்க் கடைகள், பட்டறைகள், லாரி புக்கிங் அலுவலகங்கள். படை நின்ற ஊர் இன்று வண்டி நிற்கும் ஊராயிற்று. இவ்வூரின் செல்வம் பெரும்பாலும் சக்கரத்தின் மேல் ஓடும் செல்வமாகும்.

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் பிள்ளைகளுள் சிலர் வணிகவியலும் வணிக மேலாண்மையும் பயிலத் தொடங்கியுள்ளனர். ‘தொழில்முனைவும் புத்தாக்கமும்’ என்பது அப்படிப்பில் ஒரு பாடம். சில பல்கலைக்கழகங்களில் அதுவே தனிப் பட்டப்படிப்பாகவும் அமைந்துள்ளது. “இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” என்று பெற்றோர் கேட்கின்றனர். கேட்பது முறையே. ஆசிரியர் பயிற்சி படித்தால் ஆசிரியராகலாம். செவிலியர் படிப்புப் படித்தால் மருத்துவமனையில் பணி கிடைக்கும். தொழில்முனைவு படித்தவனுக்கு எவர் ஆணை அனுப்புவார்? இக்கேள்விக்கு நாம் வரலாற்றிலிருந்து விடை தேட முற்படுகிறோம். ஏனெனில் இந்தக் கல்வி நமக்குப் புதியது. இக்கல்வி பேசும் பொருளோ நமக்குப் பழையது.

தோலும் கிணறும்

கொங்குச் சமவெளி மழை குறைந்த நிலம். ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டுக் காடுகளில் கிணறு ஒன்றே கதி. ஆழ்கிணற்றிலிருந்து நீரை மேலே கொணர்ந்தது கவலை இறைவை. எருதுகள் சரிவான பாதையில் முன்னும் பின்னும் நடக்க, கயிற்றில் கட்டிய சால் கிணற்றுள் இறங்கி ஏறும். சாலின் அடியில் துதிக்கைபோல் தொங்கும் தோல் வால்தான் நீரைச் சிந்தாமல் மேலேற்றி வாய்க்காலில் விடும். அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர்கள் யார்? எருதின் கழுத்துக்கு வாரும், உழவனின் காலுக்குச் செருப்பும் தந்தவர்கள் யார்? நம் முன்னோரே ஆவர். இந்நிலத்தின் பயிர் ஒவ்வொன்றும் அவர்கள் தைத்த தையலின் வழியாகவே நீர் அருந்திற்று என்பது மிகையன்று.

இறந்த மாட்டின் தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, மாதக்கணக்கில் நீரில் கிடந்தாலும் அழுகாத பொருளாக மாற்றுவது எளிய செயலன்று. பட்டையின் அளவு, ஊறும் நாள், வெயிலின் பதம் ஆகிய அனைத்தும் ஏட்டில் எழுதப்படாத அறிவு. அதனை இன்று பல்கலைக்கழகம் ‘தொழில்நுட்பம்’ என்று பெயரிட்டு அழைக்கின்றது. அன்று அதற்கு இழிதொழில் என்று பெயரிட்டனர்.

இத்தொழிலில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்றுண்டு. இதற்கு விலை என்ற ஒன்று இல்லை. தைத்த தோலுக்கு ஆண்டுக்கொரு முறை அறுவடைக் களத்தில் தானியம் அளந்தார்கள். அளப்பவர் கையே அளவு. எத்தனை தோல் தைத்தோம், எத்தனை நாள் உழைத்தோம், பட்டைக்கு என்ன செலவாயிற்று என்ற கணக்கிற்கு அங்கே இடமில்லை. விலையில்லாத இடத்தில் கணக்கு இல்லை. கணக்கில்லாத இடத்தில் மிச்சம் இல்லை. மிச்சம் இல்லாத இடத்தில் முதல் இல்லை. திறமை நிறைந்திருந்தும் நம் முன்னோர் முதலாளிகள் ஆகாமைக்குக் காரணம் இதுவேயன்றி, ஊக்கக் குறைவு அன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் தொழில் வளர்ச்சிப் பணியை மேற்கொண்ட ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர், குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைச் சென்னையில் நடத்தினார். நீண்ட நாள் உழைக்கும் கவலைத் தோலை உருவாக்குவது அச்சோதனைகளின் நோக்கங்களுள் ஒன்று. அவரே மறுபுறம் கிணறுகளில் எண்ணெய் எஞ்சின் பம்புகளைப் பொருத்தும் முயற்சியிலும் ஈடுபட்டார். ஒரு கை தோலைத் திருத்திற்று. மறு கை தோலே வேண்டாத காலத்திற்கு வழி வகுத்தது. 1932இல் பைக்காராவிலும் 1937இல் மேட்டூரிலும் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. விடுதலைக்குப் பின் மின் கம்பிகள் காடுகளுக்குள் நுழைந்தன. கிணறுதோறும் மின் பம்பு வந்தது, கவலை மறைந்தது, கவலைத் தோலும் மறைந்தது.

புத்தாக்கம் என்பது இதுதான். அது பழைய தொழிலை அழித்துப் புதிய தொழிலைப் படைக்கும். பம்பு வந்தபோது பம்பு விற்கும் கடையும், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறையும், குழாய்க் கடையும் இப்பகுதியில் தோன்றின. தோல் தைத்தவரின் மகன் அக்கடைகளின் உரிமையாளனாக முடிந்ததா? பெரும்பாலும் இல்லை, அவன் பண்ணையாளாகவும் கூலியாளாகவுமே நின்றான். புதுமை வந்தபோது அழிவு நம் பங்காயிற்று. ஆக்கம் பிறர் பங்காயிற்று. இதனை மாற்றும் வழி யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

கணக்குக் கல்வியும் அடைத்த கதவும்

நம் நாட்டில் வணிகக் கல்வியின் தொடக்கமாகக் கூறப்படுவது 1886ஆம் ஆண்டு சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் நிறுவிய வணிகப் பள்ளி ஆகும். ஒரு வணிகரின் செல்வம் வணிகக் கல்விக்கு வித்திட்டது போற்றத்தக்கதே. ஆயினும் அதே அறக்கட்டளையின் கல்லூரி 1920களின் பிற்பகுதி வரை தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குத் திறக்கப்படவில்லை. சட்டமன்றத்திலும் மேடையிலும் நம் தலைவர்கள் நெடுங்காலம் வாதாடிய பின்னரே அக்கதவு திறந்தது.

இவ்வாறு கதவுகள் அடைபட்டிருந்த காலத்திலும் கணக்குக் கற்றோர் நம்மிடையே இருந்தனர். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவரும், 1930களின் தொடக்கத்தில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் பங்கேற்றவருமான இரட்டைமலை சீனிவாசன், பொதுவாழ்வில் முழுமையாக இறங்கும் முன் நீலகிரியில் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றியவர். கணக்குப் புத்தகத்தைக் கையாண்ட கை பின்னர் இதழ் நடத்திற்று, மனுக்களை வரைந்தது. இதழ் நடத்துவதும் ஒரு தொழில்முனைவே என்பதை நாம் மறத்தலாகாது. தாள் வாங்கி, அச்சுக்கூலி தந்து, சந்தா திரட்டி, தபாலில் சேர்ப்பித்து, இழப்பு நேரினும் அடுத்த இதழைக் கொணர்தல் வேண்டுமன்றோ?

கடல் கடந்த வணிகர்

நம் மக்கள் வணிகத்திற்கு உரியரல்லர் என்று கூறுவோர்க்கு விடையாக நிற்பவர் ராய்பகதூர் பெ. மா. மதுரைப் பிள்ளை. 1858இல் சென்னையில் பிறந்த அவர், பர்மாவின் இரங்கூன் துறைமுகத்தில் கப்பல் சரக்கேற்றும் தொழிலில் ஈடுபட்டுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். அரசு மதித்த பெருமகனாகவும், தமிழ்ப் புலவர்களைப் புரந்த வள்ளலாகவும் விளங்கினார். இரங்கூனில் அவர் பெயரால் உயர்நிலைப் பள்ளி நடந்தது. சென்னை மாகாணத்தில் நம் பெண்களுக்கு முன்னோடியாக நின்று பொதுவாழ்வில் ஒளிர்ந்த அன்னை மீனாம்பாள் சிவராஜ் இவருடைய பெயர்த்தியே ஆவார்.

அவரது வெற்றி சென்னையில் அன்றி இரங்கூனில் விளைந்தது ஏன் என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். துறைமுகத்தில் கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாளும் செலவு. சரக்கை விரைந்து ஏற்றி இறக்குபவர் எவரோ அவரையே கப்பல் முதலாளி நாடுவார். அவர் எத்தெருவில் பிறந்தார் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஊரில் இருந்த வேலி கடலுக்கு அப்பால் தளர்ந்திருந்தது. திறமைக்கு விலை கிடைத்தது, விலை முதலாயிற்று, முதல் பள்ளிக்கூடமாயிற்று. அதே மனிதர், அதே ஆற்றல்; சந்தை மட்டுமே வேறு.

அண்ணல் நடத்திய நிறுவனம்

சந்தையின் வேலி எத்துணை வலியது என்பதைக் காட்ட அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைவிடச் சிறந்த சான்று வேறில்லை. அவரைச் சட்ட மேதையாக நாம் அறிவோம். ஆயின் அவர் முதற்கண் பொருளியல் அறிஞர். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னாளில் இலண்டன் பொருளியல் பள்ளியில் ரூபாயின் சிக்கலைப் பற்றி ஆய்வு செய்து 1923இல் உயர் பட்டம் பெற்றார்.

1917இல் முதன்முறை மேலைநாட்டிலிருந்து திரும்பிய அவர், பரோடா அரசில் பணியேற்றார். கடைநிலை ஊழியர்கூடக் கோப்புகளைக் கையில் தராமல் மேசைமேல் எறிந்தனர். தங்க இடமின்றிப் பம்பாய் திரும்பினார். அப்போது அவர் செய்த முயற்சிகளுள் ஒன்று நம் கருத்திற்கு மிகவும் உரியது. பங்குகள், பத்திரங்கள் வாங்கி விற்போருக்கு ஆலோசனை வழங்கும் நிறுவனம் ஒன்றை அவர் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினர். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் எனக் கருதப்படும் சாதியினர் என்ற செய்தி பரவியதும் வந்தவர் நின்றனர், நிறுவனம் மூடப்பட்டது.

இந்நிகழ்ச்சியைச் சிறு செய்தியாகக் கருதிக் கடந்து செல்லலாகாது. அறிவில் குறையில்லை, கணக்கில் குறையில்லை, துணிவில் குறையில்லை. கொலம்பியாவில் பொருளியல் கற்றவரைவிடப் பங்குச் சந்தைக்கு ஆலோசனை கூறத் தகுந்தவர் அன்று பம்பாயில் எத்தனை பேர் இருந்திருப்பர்? குறை வாங்குபவரின் உள்ளத்தில் இருந்தது. எத்துணைச் சிறந்த வணிகப் பாடநூலும் இக்குறையை நீக்கும் வழியைத் தனி அதிகாரமாக எழுதி வைத்திருக்கவில்லை.

1918 நவம்பரில் அண்ணல், பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் பொருளியல் கல்லூரியில் பேராசிரியரானார். 1913இல் நிறுவப்பெற்ற அக்கல்லூரி ஆசியாவிலேயே பழைமையான வணிகவியல் கல்லூரியாகக் கருதப்படுவது. மாணவர் அவருடைய வகுப்பை நாடிக் கூடினர். உடன் பணிபுரிந்த ஆசிரியர் சிலரோ, பொதுக் குடத்திலிருந்து அவர் நீர் அருந்துவதை எதிர்த்தனர். வணிகத்தைக் கற்பிக்கலாம், தண்ணீரைத் தொடலாகாது என்பது அன்றைய நீதி.

அண்ணல் இதனை மறக்கவில்லை. 1945இல் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம், 1946இல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கிற்று. 1953இல் சித்தார்த்தா வணிகவியல் பொருளியல் கல்லூரியையும் பம்பாயில் தொடங்கிற்று. கலை, அறிவியல், சட்டம் என்பவற்றோடு வணிகவியலும் நம் மக்களுக்கு இன்றியமையாதது என்று அவர் கருதியதற்கு இஃதொன்றே போதிய சான்று. நம்மைப் போன்ற சிறு சங்கங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துதல் நன்று.

தொழில்முனைவு பாடமான வரலாறு

இனி, இக்கல்வி பல்கலைக்கழகத்தினுள் புகுந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஆஸ்திரிய அறிஞர் சும்பீட்டர் 1911இல் வெளியிட்ட நூலில், பொருள்களையும் ஆற்றல்களையும் புதிய முறையில் இணைப்பவனே தொழில்முனைவோன் என்றார். புதிய பொருள், புதிய முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள், புதிய அமைப்பு என அவ்விணைப்பை ஐவகையாக வகுத்தார். 1947இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் என்ற பேராசிரியர் புதிய தொழில்களை நடத்துவது குறித்த பாடத்தை முதன்முதலாக நடத்தினார். உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்கள் தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது. வேலை தேடி நின்ற தலைமுறைக்காகவே இப்பாடம் பிறந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டில் இத்துறையின் தொடக்கம் ஆந்திரத்துக் காக்கிநாடாவில் நிகழ்ந்தது. 1964இல் அமெரிக்க உளவியல் அறிஞர் டேவிட் மெக்லெலண்டு, ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தின் துணையோடு காக்கிநாடாச் சிறு வணிகர்களுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி அளித்தார். தொழில்முனைவோர் பிறப்பதில்லை, பயிற்சியால் உருவாக்கப்படலாம் என்பது அச்சோதனை தந்த துணிபு. 1983இல் அகமதாபாத்தில் இந்தியத் தொழில்முனைவு மேம்பாட்டு நிறுவனம் தோன்றியது. இன்று தமிழகப் பல்கலைக்கழகங்களின் வணிகவியல், வணிக மேலாண்மைப் படிப்புகளில் தொழில்முனைவோர் மேம்பாடு பாடமாக இடம்பெற்றுள்ளது. சேலத்தில் 1997இல் நிறுவப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகம் நம் பிள்ளைகளுக்கு இக்கல்வியை அருகிலேயே கொணர்ந்துள்ளது.

பிறப்பால் வருவதன்று, பயிற்சியால் வருவது என்ற இக்கொள்கை நமக்கு இனிக்கும் கொள்கை. வணிகம் சில குலங்களின் குருதியில் ஓடுகிறது என்ற பழம்பேச்சை அது அடியோடு மறுக்கிறது. எனினும் அக்கொள்கை பாதி உண்மையே கூறுகிறது. ஊக்கம் மட்டும் இருந்தால் போதுமாயின், ஆக்ரா நகரத்து ஜாதவ மக்கள் என்றோ பெருமுதலாளிகள் ஆகியிருப்பர். அவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே காலணித் தொழிலில் கைவினைஞராகவும் சிறு பட்டறை உரிமையாளராகவும் உயர்ந்தவர்கள். ஆயின் விற்பனைச் சந்தை பிற சாதி வணிகர் கையில் இருந்தது. காலணியைப் பெற்றுக்கொண்ட வணிகர் பணத்திற்குப் பதில் ‘பர்ச்சி’ எனப்படும் சீட்டைக் கொடுத்தார். பணம் சில மாதம் கழித்தே கிடைக்கும். நாளைக்குத் தோல் வாங்க வேண்டிய பட்டறைக்காரர் அச்சீட்டைக் கழிவு கொடுத்து மாற்றிக்கொண்டார். ஈட்டிய ஆதாயத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. செருப்பைச் செய்தவர் ஒருவர். காலத்தை விற்றவர் மற்றொருவர்.

இவ்வரலாறுகள் அனைத்தையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நமக்குக் குறைந்தவை மூன்று: கணக்கு, ஜாமீன், வாடிக்கையாளர். கவலைத் தோல் தைத்தவருக்குக் கணக்கு இல்லை. ஆக்ராப் பட்டறைக்காரருக்குக் கடன் தந்து காத்திருக்கத் துணைநிற்பவர் இல்லை. அண்ணலின் நிறுவனத்திற்கு வாடிக்கையாளர் இல்லை.

அரசு திறந்த வாயில்கள்

இக்குறைகளை நீக்க அரசு செய்த முயற்சிகளை நன்றியுடன் குறிப்பிடுதல் கடமையாகும். 1944ஆம் ஆண்டு தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகை நம் மாணவர்க்குக் கல்லூரி வாயிலைத் திறந்தது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1972இல் 4 விழுக்காடு வட்டியில் ஏழையர்க்குக் கடன் தரும் திட்டம் வந்தது. அக்கடனில் 40 விழுக்காடு தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கப்பட்டது. 1974இல் தமிழகத்தில் தாட்கோ நிறுவப்பெற்றது. 1989இல் நடுவண் அரசு தாழ்த்தப்பட்டோர்க்கான தேசிய நிதி வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கிற்று. 2016இல் வந்த ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’ திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி வகுப்பினர் ஒருவருக்கேனும் 10 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. 2023இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 35 விழுக்காடு முதலீட்டு மானியத்தை 1.5 கோடி ரூபாய் வரம்புக்குட்பட்டு வழங்குவதோடு 6 விழுக்காடு வட்டி மானியமும் அளிப்பது.

வாடிக்கையாளர் குறையை நீக்கவும் ஒரு முயற்சி நடந்தது. நடுவண் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்கும் பொருள்களில் 4 விழுக்காட்டைத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் சிறுதொழில்களிலிருந்து வாங்க வேண்டும் என 2012இல் ஆணை பிறந்தது. அன்று அண்ணலிடமிருந்து விலகிச் சென்ற வாடிக்கையாளரின் இடத்தில் அரசே வாடிக்கையாளராக வந்து நின்றது எனலாம். எனினும் பல ஆண்டுகள் அந்த 4 விழுக்காடு எட்டப்படவில்லை. விற்பதற்குப் பொருளும், ஒப்பந்தப்புள்ளி நிரப்பும் அறிவும் உடைய நிறுவனங்கள் நம்மிடையே போதிய அளவில் தோன்றாமையும் அதற்கு ஒரு காரணம்.

2005ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டின் தொழில் நிறுவனங்களுள் தாழ்த்தப்பட்டோர் உடைமையாக இருந்தவை 9.8 விழுக்காடே. மக்கள் தொகையிலோ நம் பங்கு 16 விழுக்காட்டிற்கும் மேல். அதே 2005இல் புனே நகரில் மிலிந்த் காம்ப்ளே தலித் இந்திய வணிகத் தொழிற் கூட்டமைப்பை நிறுவினார். இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1900இல், அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வித் தந்தை புக்கர் வாஷிங்டன் பாஸ்டன் நகரில் அம்மக்களுக்கான வணிகச் சங்கத்தை நிறுவினார் என்பது ஒப்புநோக்கத்தக்கது. ஒதுக்கப்பட்ட மக்கள் எங்கும் முதலில் பள்ளியைக் கட்டுகின்றனர். அடுத்த தலைமுறையில் கடையைத் திறக்க முனைகின்றனர்.

சங்ககிரி கற்பிக்கும் பாடம்

இனி நம் ஊருக்கே வருவோம். 1960களில் இங்கே சிமெண்ட் ஆலை எழுந்தது. ஆலைக்குச் சரக்கு வேண்டும். சிமெண்டு வெளியூர் செல்ல வேண்டும். லாரிகள் பெருகின. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் பெருகின. உழவுக் குடும்பத்தில் பிறந்தவன் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, உறவினரோடு பங்கு சேர்ந்து ஒரு வண்டி வாங்கி, பின்னர்த் தனி உரிமையாளனான கதைகள் இப்பகுதியில் எண்ணிறந்தன. பெரும்பாலோர் வணிகப் பட்டம் பெறாதவர்கள். அவர்களின் பல்கலைக்கழகம் உறவுமுறையே.

நம் மக்களும் அதே லாரியில் ஏறியவர்களே. கிளீனராக ஏறினர், ஓட்டுநராயினர். இந்தியாவின் நெடுஞ்சாலைகளை உள்ளங்கை போல் அறிந்தனர். ஆயின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து உரிமையாளர் பெயர்ப்பலகைக்குச் செல்லும் அந்த ஒரு படியைக் கடந்தோர் மிகச் சிலர். அப்படி எதனால் ஆனது? பைனான்ஸ் அலுவலகத்தில் ஜாமீன் கையெழுத்திடும் பெரியப்பனாலும் மாமனாலும் ஆனது. புக்கிங் அலுவலகத்தில் “நம்ம பையன், இவனுக்கு லோடு கொடு” என்று கூறும் பங்காளியால் ஆனது. தவணை ஒரு மாதம் தவறினால் கைமாற்றுத் தரும் சம்பந்தியால் ஆனது. இவ்வுதவிகளைத் தம்முள் செய்துகொண்டவரை நாம் குறை கூறவில்லை. அவர்கள் செய்தது இயல்பானது, நாமும் கற்கத்தக்கது.

மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். அவ்வுறவுக் கல்வியிலும் ஓட்டை உண்டு. வாடகையில் டீசல், சுங்கம், ஓட்டுநர் படி ஆகியவற்றைக் கழித்து எஞ்சியதே ஆதாயம் என்று எண்ணி, டயர்த் தேய்வையும், காப்பீட்டையும், எப்.சி. செலவையும், ஆண்டுதோறும் குறையும் வண்டியின் மதிப்பையும் கணக்கில் கொள்ளாமல் விட்ட உரிமையாளர்கள், கையில் பணம் புழங்கிக்கொண்டிருக்கும்போதே நட்டத்தில் ஆழ்ந்ததுண்டு. தேய்மானம் என்பது வணிகவியல் மாணவன் முதலாண்டிலேயே கற்கும் பாடம். பல்கலைக்கழகக் கல்வி தருவது இதைத்தான். கண்ணுக்குத் தெரியாத செலவைக் காணும் கண்ணை அது தருகிறது.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும்

பெற்றோர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். தொழில்முனைவு படித்தவனுக்கு எவரும் ஆணை அனுப்பார், உண்மை. படித்து முடித்த மறுநாளே கடன் வாங்கிக் கடை திறக்க வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. வீட்டில் பிறர் வருமானமின்றி, வாடகைக் குடிசையில் இருந்துகொண்டு முதல் முயற்சியிலேயே அனைத்தையும் பணயம் வைப்பது துணிவன்று, தவறு. செல்வர் பிள்ளை ஒருமுறை விழுந்தால் தந்தையின் வீட்டில் விழுவான். நம் பிள்ளை விழுந்தால் தெருவில் விழுவான். இவ்வேற்றுமையை எந்தப் பாடநூல் மறந்தாலும் நாம் மறத்தலாகாது.

அரசுப் பணியை நாடிய முந்தைய தலைமுறை தவறிழைத்ததாகவும் எவரும் கருதவேண்டா. ஆசிரியரும் எழுத்தரும் தபால்காரரும் ஆகிய நம் மூத்தோர் பெற்ற மாதச் சம்பளமே இன்று நம் பிள்ளைகள் வணிகவியல் படிக்கக் காரணம். அச்சம்பளம் நம் சமுதாயத்தின் முதல் முதலீடு. ஆயின் அரசுப் பணியிடங்கள் அனைவர்க்கும் போதா. மேலும், பிறருக்கு வேலை தரும் இடத்தில் நம்மவர் அமராதவரை, வேலை கேட்டு நிற்கும் வரிசை குறையாது.

ஆகவே இப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், கற்கும் காலத்திலேயே ஒரு கடையில், ஒரு பட்டறையில், ஒரு புக்கிங் அலுவலகத்தில் அமர்ந்து கணக்கெழுதிப் பழகுதல் வேண்டும். சில ஆண்டுகள் பிறரிடம் சம்பளத்திற்குப் பணியாற்றித் தொழிலின் நெளிவு சுளிவுகளை அறிந்து, பின்னர்த் தம் முயற்சியைத் தொடங்குதல் இழுக்கன்று. பெண் பிள்ளைகளையும் இக்கல்வியினின்று விலக்கலாகாது. சிறு சேமிப்பைக் குழுவாகக் காத்துத் தவணை தவறாமல் கட்டும் நம் தாய்மார்களைவிடக் கணக்கில் தேர்ந்தவர் எவர்?

சங்கத்தின் அடுத்த கடமை

கணக்கைப் பல்கலைக்கழகம் தரும். ஜாமீனையும் வாடிக்கையாளரையும் தருவது யார்? இங்கேதான் சங்கத்தின் பணி தொடங்குகிறது. கடந்த 25 ஆண்டுகளில் நாம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம், கட்டணம் கட்ட உதவினோம், சான்றிதழுக்கு அலைந்தோம். அடுத்த 25 ஆண்டுகளில் வங்கி மேலாளர் முன் நம் பிள்ளையோடு சென்று அமர்தல் வேண்டும். திட்ட அறிக்கையைப் படித்துத் திருத்தித் தரும் ஓய்வுபெற்ற ஊழியர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் முன்வருதல் வேண்டும். நம் பணியாளர்கள் தத்தம் அலுவலகங்களில் எவ்வகைப் பொருள்கள் ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்கப்படுகின்றன என்று அறிந்து கூறினால் அதுவே பேருதவி. எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மவர் ஒரு கடை திறந்தால் அங்கே சென்று உரிய விலை கொடுத்து, கடன் சொல்லாமல் பொருள் வாங்குதல் வேண்டும். முதல் வாடிக்கையாளராக நாமே இல்லாதபோது பிறர் வரவில்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை.

கோட்டைக்குக் கீழே லாரிகள் இரவும் பகலும் செல்கின்றன. அவற்றுள் பலவற்றை ஓட்டுவோர் நம் சகோதரர்கள். வண்டி எங்கே திரும்ப வேண்டும் என்பதை அவர்கள் நன்கறிவர். வண்டியின் கணக்கையும் அவர்களின் பிள்ளைகள் அறிந்துகொள்ளும் நாள் வந்துவிட்டது. நம் முன்னோர் தைத்த தோலில் ஏறிய நீர் பிறர் காட்டில் பாய்ந்தது. நம் பிள்ளைகள் கற்கும் கல்வியின் நீர் நம் வயலிலும் பாயட்டும். அதற்கான வாய்க்காலை வெட்டும் பணியில் இச்சங்கத்தின் பொன்விழா நம்மைக் காணட்டும்.